முப்பத்தாறு

மெழுகுக் கட்டியை ஐஸ் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன்.
கொருக்குப்பேட்டையின் மே மாதத்தில்
மெழுகுக்கு நிற்கத் தெரியாது.
கேட் போட்டாயிற்று. சரக்கு வண்டி
எண்ணெய் டேங்குகளை ஒவ்வொன்றாக நகர்த்துகிறது.
அந்த அதிர்வு அடங்கும்வரை கத்தி வைக்கக் கூடாது,
இரண்டு கட்டி கெட்ட பிறகு தெரிந்தது.

நாளை செய்முறைத் தேர்வு.
சீட்டில் எது வரும் என்று சீனியர்கள் சொல்லிவிட்டார்கள்:
கீழ்த்தாடை, இடப்பக்கம், முதல் கடைவாய்ப்பல்.
எங்கள் கணக்கில் முப்பத்தாறு.

முதலில் ஒரு பெட்டி.
பெட்டியை நாக்குப் பக்கம் கொஞ்சம் சாய்க்க வேண்டும்.
கீழ்க் கடைவாய்ப் பற்கள் அப்படித்தான் நிற்கும்,
உள்ளே நடக்கும் பேச்சுக்குக்
காதைக் கொடுத்தபடி.

கன்னத்துப் பக்கம் மூன்று முகடு,
உழைத்துத் தேய்பவை.
நாக்குப் பக்கம் இரண்டு, கூராகவே இருப்பவை.
மூன்றில் கடைசி மிகச் சின்னது.
அதை மறந்து நான்கோடு நிறுத்தினால்
பின்னாலிருக்கும் பல்லாகிவிடும்,
தலையில் கூட்டல் குறி போட்ட முப்பத்தேழு.
போன மாதம் நான் அப்படிச் செதுக்கினேன்.
அமலோற்பவம் மேடம் அதை வெளிச்சத்தில் திருப்பி,
"அஞ்சாவது எங்கே, முழுங்கிட்டியா?" என்றார்.
வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்,
வாயைத் திறக்காமல்.

வேர் பார்க்க நிஜப் பல் வேண்டும்.
காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டைவரை
ஆறு கிளினிக் ஏறினேன், கையில் கழுவிய ஊறுகாய் பாட்டில்.
ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர் பல் ஒன்று கிடைத்தது,
மாவா கறுப்பு, தலை வழித்தெடுத்த தரைபோல.
முகடே இல்லை. வேர் மட்டும் புதிது:
இரண்டு கால்.
முன்கால் அகலம், நடுவில் ஓடை,
பின்பக்கம் வளைந்திருக்கும்
கரையில் வடம் இழுப்பவன் ஊன்றிய மாதிரி.
அதற்குள் இரண்டு குழாய்.
பின்கால் நேர், பெரும்பாலும் ஒன்றே.

இந்தப் பல் எதையும் தள்ளிவிட்டு வருவதில்லை.
ஆறு வயதில்,
பால்பற்களுக்குப் பின்னால் காலியாய்க் கிடக்கும் மூலையில்
சொல்லாமல் வந்து உட்காரும்.
அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

"பால்பல்லுதானே, வுயுந்தா வேற மொளைக்கும்"
அம்மா சொன்னாள், எனக்கு ஒன்பது வயது.
இறால் உரித்த கை கிலோவுக்கு இவ்வளவு என்று எண்ணிய காசில்
கிராம்புத் தைலம் வாங்கினாள், பிறகு பஸ் டிக்கெட்.
ஊசி போட்டதும் உதடு பாதி காணாமல் போனது.
தட்டில் டங் என்று ஒரு சத்தம்.
வரும் வழியெல்லாம் மரத்த உதட்டைக் கடித்துப் பார்த்தேன்,
யாருடையதோ போல இருந்தது.
அதற்குப் பிறகு ஒரு வருஷம்
அம்மா ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்தாள்,
முளைத்துவிட்டதா என்று.

புத்தகத்தில் பார்த்தேன்:
முப்பத்தாறின் முதல் சுண்ணாம்பு
பிறக்கும் நாளை ஒட்டிப் படியத் தொடங்குகிறதாம்.
பிறந்த அதிர்ச்சி எனாமலுக்குள் ஒரு கோடாய் நிற்குமாம்,
நுண்ணோக்கியில் தெரியுமாம்.
என் சான்றிதழில் தேதி பொய்.
பள்ளியில் சேர்க்க வாத்தியார் ஜூன் என்று எழுதினார்.
ஒரிஜினல் அந்தத் தட்டோடு போயிற்று.

இப்போது அந்த இடத்தில்
முப்பத்தேழு முன்னால் சரிந்து நிற்கிறது,
பஸ்ஸில் பக்கத்து ஆள்மேல் தூங்கி விழுபவன் மாதிரி.
அதைப் பார்த்துச் செதுக்க முடியாது.
வலப்பக்கத்துப் பல் இருக்கிறது.
நாக்கால் ஐந்தையும் தடவி
மனசுக்குள் திருப்பிப்போட்டு
இடப்பக்கமாய் இறக்குகிறேன்.

அம்மா ஷெட்டிலிருந்து வந்துவிட்டாள்.
கை கழுவாமலே குனிந்து பார்க்கிறாள்.
"இன்னாடி இது, இவ்ளோ பெர்சு? யாரு பல்லு?"
"தொடாதம்மா, இளகிடும்" என்கிறேன்.
அவள் போன் வெளிச்சத்தை அதன்மேல் பிடிக்கிறாள்,
நகரவே இல்லை.

கேட் தூக்கிவிட்டார்கள்போல,
ஒரே ஹாரன்.
நான்கு வந்திருக்கிறது.